மாட்டுத்தாவணியில் இறங்கிய பிறகு: மீனாட்சி கோயில் வழியைப் பற்றிச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரின் சாலைகளையும் டவுன் பஸ்களையும் மீனாட்சியம்மன் கோயிலின் வாசல்களையும் கவனிக்கிற பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும், காரைக்குடியிலிருந்து வணக்கம்.

இதை உங்களில் யாரிடம் கொடுப்பது என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் ஒரு துறை, தெரு ஒரு துறை, போக்குவரத்துப் போலீஸ் ஒரு துறை, கோயில் இன்னொரு துறை. கோயிலுக்கு வருகிற ஆளுக்கு அப்படி நாலு கூறாகத் தெரியாது. மாட்டுத்தாவணி வெளியூர் பஸ் ஸ்டாண்டில் காலை வைப்பதிலிருந்து அம்மன் சன்னதியில் கை கூப்புகிற வரைக்கும் அவருக்கு அது ஒரே பயணம். ஒரு துறையிடம் கேட்டால் அது அடுத்த துறையின் வேலை என்று போய்விடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். கோயிலுக்குப் போகும் வழியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் காரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் பையும் ஒரு கையில் பேரப்பிள்ளையுமாக, வழி கேட்டுக் கேட்டு நடக்கிற எழுபது வயது ஆச்சியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அவருக்கு ஏற்றபடி வழி அமைந்தால் மற்ற எல்லோருக்கும் அது தானாக அமைந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் மதுரைக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. கோயிலின் வடக்குக் கோபுரம் மேலே கட்டி முடிக்கப்படாமல் வெகுகாலம் நின்றதால்தான் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பேர். அதை 19-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்துக் கொடுத்தவர்கள் நகரத்தார் சமூகத்து வயிநாகரம் குடும்பத்தார். இதைச் சொல்வது உரிமை கொண்டாடுவதற்காக அல்ல. இன்றைக்கும் எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணு மாப்பிள்ளையை மீனாட்சியிடம் கூட்டிப்போகிற வீடுகள் நிறைய. கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மதுரை, ஐகோர்ட் கிளைக்கு வழக்கு விஷயமாகப் போனாலும் மதுரை, நகை எடுக்கத் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனாலும் மதுரை. போன காரியம் எதுவானாலும் ‘அப்படியே ஒரு எட்டு கோயிலுக்குப் போய்ட்டு வந்துருவோம்’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களும் அடுத்த நாள் மதுரைக்குத்தான் போகிறார்கள். அவர்களில் கார் எடுக்க வசதியில்லாத இளம் பயணிகள் எங்களிடம்தான் வந்து பஸ் எது என்று கேட்கிறார்கள். மதுரை வரைக்கும் அவர்களுக்கு வழி சொல்ல எங்களால் முடிகிறது. மதுரைக்குள் சொல்வதுதான் சிரமமாக இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், கீழவளவு, மேலூர் என்று பஸ் போய்க்கொண்டே இருக்கும், ஒத்தக்கடையில் யானைமலை தெரிந்துவிட்டால் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பத் தொடங்குவார்கள். தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் காளையார்கோவில், சிவகங்கை வழியாக வருவார்கள். ரயில் எங்களுக்குப் பெரிய உதவி இல்லை. காரைக்குடி ஜங்ஷனிலிருந்து திருச்சிக்குப் பாதை உண்டு, மானாமதுரைக்கு உண்டு, திருவாரூருக்கும் உண்டு, மதுரைக்கு மட்டும் நேர்ப்பாதை கிடையாது. மேலூர் வழியாக ஒன்று வேண்டும் என்று எங்கள் பக்கம் கேட்பது பழைய கதை. அது உங்கள் கையில் இல்லை, எனவே விட்டுவிடுகிறேன். ரயிலில் வருகிறவருக்கு ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் டவுன் ஹால் ரோடு நேராக மேற்குக் கோபுரத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும், நடந்தே போகலாம். எங்களைப் போல் பஸ்ஸை மட்டுமே நம்பி வருகிறவர்களின் கதை வேறு.

1999-இல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்தபிறகு வெளியூர் பஸ்கள் ஊருக்குள் நுழைந்து நெரிசல் உண்டாக்குவது குறைந்தது. நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்தினால், இறங்குகிற ஆளை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து கோயில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அந்த 6 கிலோமீட்டருக்குத்தான் எங்கள் ஊர் ஆச்சிமார் பயப்படுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மதுரைக்குப் போறதுக்கு என்னப்பா, பஸ்ல ஏறி உக்காந்தா கொண்டுபோய் விட்ருவான். இறங்குனப்புறம்தான் திக்குத் தெரியல. ஆளாளுக்கு ஒன்னு சொல்றாக.”

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் டவுன் பஸ்ஸின் நெற்றியில் ‘பெரியார்’ என்று எழுதியிருக்கும். கோயிலுக்குப் போக நினைக்கிற புதியவருக்கு அந்தப் பேர் ஒன்றும் சொல்லாது. அந்த பஸ்களில் பல, கோரிப்பாளையம் தாண்டி, 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்தில் வைகையைக் கடந்து, சிம்மக்கல் வழியாகப் போகின்றன என்பதும், சிம்மக்கல்லிலேயே இறங்கித் தெற்கே நடந்தால் வடக்குக் கோபுரம் வந்துவிடும் என்பதும் மதுரைக்காரருக்கும் எங்களைப் போல் அடிக்கடி போகிறவருக்கும் தெரியும். தெரியாதவர் பெரியார் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கிருந்து திரும்ப நடந்து வருவார், அல்லது ஆட்டோ பிடிப்பார். மேம்பால வேலை, திருவிழா என்று தடம் மாறுகிற நாட்களில் தெரிந்தவருக்கே தெரியாமல் போகும். வெளியூர் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிடுகிற இடத்திலேயே, கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள்: கோயிலுக்கு எந்த பஸ், அது எந்த இடத்தில் நிற்கும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், இறங்கினால் எந்தக் கோபுரம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். தமிழில் முதலில், அதன் கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும். தடம் மாறுகிற நாளில் அந்தப் பலகையில் ஒரு சீட்டாவது ஒட்டுங்கள். இதற்குத் திட்ட அறிக்கையும் டெண்டரும் தேவையில்லை.

பலகை மட்டும் போதாதுதான். மாட்டுத்தாவணிக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று ஒரு சிறிய பஸ் வேண்டும். பஸ்ஸின் நெற்றியில் ‘மீனாட்சி கோயில்’ என்றே எழுதியிருக்க வேண்டும், படி தாழ்வாக இருக்க வேண்டும், மாசி வீதிகளின் ஓரத்தில் நாலு பக்கமும் நிறுத்தம் இருக்க வேண்டும். மாசி வீதி சித்திரைத் தேர் ஓடுகிற வீதி. அவ்வளவு பெரிய தேர் திரும்புகிற வீதியில் ஒரு சிறிய பஸ் திரும்ப முடியாமல் போகாது, நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளை ஒழுங்குபடுத்தினால். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ ரயில் என்று திட்டம் போட்டிருப்பதை நாங்களும் படிக்கிறோம். அது வருகிறபோது வரட்டும். எழுபது வயது ஆச்சியை மெட்ரோ வருகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்ல முடியாது.

நாலு பக்கமும் நிறுத்தம் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மதுரையில் முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி. பழக்கப்பட்டவர்கள் கிழக்கே அம்மன் சன்னதித் தெரு வழியாக, அஷ்டசக்தி மண்டபத்துக்குள் நுழைந்துதான் போவார்கள், எங்கள் ஆச்சிமாரிடம் ‘வடக்கு வாசல் பக்கத்தில் இருக்கிறது, இப்படியே போயிடலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்கள், வலிக்கிற முழங்காலோடு கிழக்கு வாசல் வரைக்கும் சுற்றி நடப்பார்கள். அது பிடிவாதம் அல்ல, அவர்கள் கற்றுக்கொண்ட முறை அது. அந்த முறைக்கு ஏற்ற இடத்தில் அவர்களை இறக்கிவிட்டால் என்ன?

பெண்களுக்கு ஒரு நல்லது நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குப் பயணம் இலவசம். காரைக்குடியிலிருந்து வருகிற ஆச்சி, மாட்டுத்தாவணியிலிருந்து சிம்மக்கல் வரைக்கும் கையில் காசு எடுக்காமல் போகலாம். ஆனால் எந்த பஸ், எந்தப் படியில் ஏற, எங்கே இறங்க என்று தெரியாத பயத்தில் அந்த இலவசத்தை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். ஆட்டோக்காரர்களைப் பற்றிப் புகார் சொல்ல நான் எழுதவில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும், அவர்களில் ஆச்சியின் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் கூடவே நடந்துவந்து விட்டுப்போகிறவர்களும் உண்டு. ஸ்டாண்டிலேயே ஒரு கட்டணப் பலகையும் முன்பணச் சீட்டுக் கவுண்டரும் இருந்தால் இரண்டு பக்கமும் வாக்குவாதம் இல்லாமல் போகும். அந்தச் சீட்டில் எந்தக் கோபுரத்துப் பக்கம் இறக்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்க வேண்டும். இப்போது ‘கோயில்’ என்று சொல்லி ஏறினால், எந்தத் தெருவில் வண்டி விடுகிறார்களோ அந்தத் தெருவின் முனையில் இறக்கம், அதற்கப்புறம் நம் கால்.

இனி அந்தக் கடைசி நடையைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் விட எனக்கு மனத்தை அறுப்பது இதுதான்.

மதுரையின் தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. வெளி வீதி பழைய கோட்டைச் சுவர் இருந்த இடம். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியை மூடித்தான் அது உண்டானது. இப்படி ஒரு நகரம் சாமி ஊர்வலத்துக்காகவும் அதன் பின்னால் நடந்து வருகிற மக்களுக்காகவும் அமைந்தது. ஒரு காலத்தில் சாமி வலம் வந்த மாதத்தின் பேரே தெருவுக்கும் பேர். நடப்பதற்கென்று இவ்வளவு யோசித்து அமைத்த ஊர் நம் நாட்டிலேயே அபூர்வம்.

இப்போது சிம்மக்கல்லில் இறங்கி நடந்து பாருங்கள். வடக்கு வெளி வீதியைக் கடக்க வேண்டும், வடக்கு மாசி வீதியைக் கடக்க வேண்டும், வடக்கு ஆவணி மூல வீதியைக் கடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வண்டி இல்லாத சித்திரை வீதி. சித்திரை வீதிகளில் வண்டியைத் தடுத்து, தளம் போட்டு, நடப்பதற்கு விட்டது உங்கள் காரியங்களில் ஆகச் சிறந்தது, அதை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஆனால் அந்த நிம்மதியான வீதியை எட்டுவதற்கு முன்னால் இருக்கிற மூன்று வீதிகளிலும் நடைபாதை என்று ஒன்று தொடர்ச்சியாக இல்லை. நாலு எட்டு வைத்தால் நிறுத்தி வைத்த பைக், அதைச் சுற்றிச் சாலையில் இறங்கினால் கடைக்குச் சரக்கு இறக்குகிற வண்டி, அதையும் தாண்டினால் எதிர்த் திசையில் வருகிற இருசக்கர வண்டி. கண்பார்வை மங்கிய ஒருவர், கைத்தடி வைத்திருப்பவர், கைக்குழந்தைக்காரி, சக்கர நாற்காலியில் வருகிறவர், இவர்களில் யாராலும் தனியாக இந்த நடையை முடிக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பஸ்ஸும் பஸ் நிலையமும் பொது இடங்களும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் சொல்கிறதோ இல்லையோ, கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள்தான் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதித் தெருவில் நின்றாலே பார்த்துவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எல்லாத் தெருவையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல்லிலிருந்து வடக்குக் கோபுரம், பிறகு சித்திரை வீதி வழியாகக் கிழக்கு வாசல். அந்த ஒரு வழியில் நடைபாதையைத் தொடர்ச்சியாக ஆக்குங்கள், தடுக்கிற கல்லை எடுங்கள், கடக்கிற இடங்களில் கோடு போட்டு ஒரு ஆளை நிறுத்துங்கள், காலை நேரத்தில் சரக்கு வண்டியை உள்ளே விடாதீர்கள், இரண்டு மூன்று இடங்களில் உட்கார ஒரு கல் பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வையுங்கள். கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்காமலேயே இதைச் செய்யலாம், நிம்மதியாக நடந்து போகிற ஆள் நாலு கடையை நின்று பார்ப்பார், உயிருக்குப் பயந்து ஓடுகிற ஆள் எந்தக் கடையையும் பார்க்க மாட்டார். பேட்டரி வண்டி விடும் நாட்களில் அது எந்த முனையில் நிற்கும், எத்தனை மணி வரைக்கும் ஓடும், யார் ஏறலாம் என்பதையும் அந்த வழியிலேயே எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வேன் பிடித்து வருகிற நம் ஆட்கள் ‘வாசல் வரைக்கும் வண்டி விட மாட்டேங்கிறான்’ என்று கோபப்படுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். விடக் கூடாது என்பதுதான் என் கட்சி. வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள், கார் வைத்திருப்பவருக்கு அது உதவிதான், ஆனால் கோயிலுக்கு அவ்வளவு பக்கத்தில் நிறுத்தம் இருந்தால் கார்கள் எல்லாம் அந்தக் குறுகிய வீதிக்குள்தான் வரும், நடக்கிறவர் அவற்றுக்கு இடையில்தான் நடக்க வேண்டும். இனிமேல் கட்டுகிற நிறுத்தங்களையாவது வெளி வீதிக்கு அந்தப் பக்கம் கட்டுங்கள். அங்கே நிறுத்திவிட்டு, நான் மேலே கேட்ட அந்தச் சிறிய பஸ்ஸிலேயே கார்க்காரரும் ஏறி வரட்டும்.

வாசலுக்கு வந்தாயிற்று. செருப்பு, செல்போன், பை. 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீயை மறக்க முடியாது. அதற்கப்புறம் கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று வந்தது. அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், போன் இல்லாமல் பிராகாரம் சுற்றுகிற அமைதி தனி. ஆனால் போனை வாங்கி வைத்துக்கொள்கிறபோது அந்த ஆளிடமிருந்து வேறு என்னவெல்லாம் போய்விடுகிறது என்று யோசிக்க வேண்டும். இப்போதெல்லாம் பணமும் போனில்தான் இருக்கிறது. உள்ளே போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கவோ பிரசாதம் வாங்கவோ கையில் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போனைக் கொடுக்கிற கவுண்டரில் ‘உள்ளே ரொக்கம் தேவைப்படும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். கூட்டத்தில் குடும்பம் பிரிந்துவிட்டால் கூப்பிடவும் வழியில்லை. எங்கள் வீடுகளில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு, யார் தொலைந்தாலும் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு வந்து நிற்க வேண்டும் என்று உள்ளே நுழையுமுன் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இதையே கோயிலின் அறிவிப்பாக, ஒலிபெருக்கியிலும் பலகையிலும் சொல்லலாமே. அங்கே உதவிக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தால் எத்தனையோ பெற்றோரின் பதற்றம் குறையும்.

செருப்பு விஷயம் சிறியதாகத் தெரியும், அப்படி அல்ல. ஒரு வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு, கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டால், உச்சி வெயிலில் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் காலில் சூடு தெரியாது, வீட்டுக்கு வந்தபிறகுதான் கொப்புளம் தெரியும், அது ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகிவிடும். நாலு சித்திரை வீதிகளிலும் மதிலை ஒட்டி ஒரு தடத்துக்கு நிழல் போடுங்கள், கயிற்றுப் பாய் விரியுங்கள், தண்ணீர் தெளியுங்கள். எந்த வாசலில் கொடுத்தீர்களோ அந்த வாசலின் பேரைச் சீட்டில் பெரிதாக அச்சிடுங்கள், நிறத்தாலும் பிரித்துக் காட்டுங்கள், எழுத்துத் தெரியாத ஆச்சி நிறத்தை வைத்துக் கேட்டுப் போய்விடுவார்.

அப்புறம் நேரம். கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திரும்ப நான்கு மணிக்குத்தான். உள்ளூர்க்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, சாயங்காலம் வந்துகொள்வார். எங்களுக்கு அப்படி இல்லை. வீட்டு வேலையை முடித்து, காலைச் சாப்பாடு கட்டிக்கொண்டு, காரைக்குடியில் எட்டரைக்கு பஸ் ஏறுகிற குடும்பம் மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்ந்து, டவுன் பஸ் பிடித்து, நடந்து, செருப்பும் போனும் கொடுத்து, வரிசையில் நிற்கும்போது நடை சாத்துகிற நேரம் நெருங்கிவிடும். தவறினால் மூன்றரை மணி நேரம் எங்கே இருப்பது? முன்னோர் இதற்கெல்லாம் வழி செய்து வைத்திருந்தார்கள். ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் இன்றைக்கும் ரயில் ஜங்ஷனுக்கு எதிரே நிற்கிறது. எங்கள் நகரத்தார் காசியிலும் ராமேஸ்வரத்திலும் பழனியிலும் சத்திரமும் விடுதியும் கட்டியது இதற்குத்தான், தூரத்திலிருந்து வருகிறவனுக்கு மூட்டையை இறக்கி வைக்க ஒரு இடம், கை கால் கழுவ ஒரு இடம், நடை திறக்கிற வரைக்கும் சாய்ந்திருக்க ஒரு திண்ணை. அதே மூன்றும்தான் இப்போதும் தேவை. கோயிலுக்குப் பக்கத்தில், மதியம் மூடாமல், சுத்தமான கழிப்பறையோடு ஒரு காத்திருப்புக் கூடம் அமையுங்கள். கட்டணம் வைத்தாலும் சரிதான், கொடுப்போம். பெண்கள் காலையில் கிளம்பினதிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், ஏனென்று கேட்டால் வெளியே சொல்ல மாட்டார்கள். இதை நான் எழுதினால்தான் உண்டு.

இன்னொன்று, நடை திறக்கும் சாத்தும் நேரத்தையும், விசேஷ நாட்களில் அது மாறுவதையும், மாட்டுத்தாவணியில் மட்டுமல்ல, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுகளிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். கிளம்புகிற இடத்தில் தெரிந்தால் முந்தின பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ராத்திரி பற்றியும் ஒன்று. பள்ளியறைப் பூஜைக்குச் சொக்கநாதரின் பாதங்கள் வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருள்வதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலரின் ஆசை. பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்துக்கு மேல் கோயிலிலிருந்து மாட்டுத்தாவணிக்கு எப்படிப் போவது என்ற கவலை. நடை சாத்தியபிறகு புறப்படும்படி ஒரு டவுன் பஸ், இத்தனை மணிக்கு இந்த இடத்திலிருந்து என்று உறுதியாக அறிவித்து விடுங்கள். கூட்டம் குறைவாக இருந்தாலும் அதை நிறுத்தாதீர்கள். நிச்சயம் இருக்கும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் நம்பி உட்காருவார்கள்.

இதையெல்லாம் வசதி கேட்பதாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தவரை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அதுவரைக்கும் இந்த வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் எத்தனை தலைமுறை. அன்றைக்கு மதுரை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று தமிழ்நாட்டுக்கே வழிகாட்டியது. அப்படித் திறந்த வாசலுக்கு இன்றைக்குக் காலும் கண்ணும் தளர்ந்தவர்களால், கார் இல்லாதவர்களால் வந்து சேர முடியவில்லை என்றால் அதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

எங்களால் ஆனதைச் செய்யத் தயார். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறும் பெரியவர்கள் எங்கே இடறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் குழம்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதித் தருகிறோம். உங்களில் பொறுப்பான ஒருவர், பஸ், தெரு, கோயில் மூன்று தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வந்தால் இன்னும் நல்லது, ஒரு நாள் காலை காரைக்குடி ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஆச்சிமாரோடு சேர்ந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, சிம்மக்கல்லிலிருந்து நடந்து, கிழக்கு வாசலில் செருப்பைக் கொடுத்து உள்ளே போய் வாருங்கள். வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மாட்டுத்தாவணியில் அந்தப் பலகையும், வாசல் சீட்டில் அந்த நிறமும் வந்துவிட்டால் முதல் படி ஆயிற்று. எந்தத் தேதி வருகிறீர்கள் என்று ஒரு பதில் எழுதுங்கள். முதல் பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறோம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து மீனாட்சியைப் பார்க்க பஸ்ஸில் வருகிற ஒருவர்